ஓட்டை விழுமுன் காட்டும் ஒளி

இராயபுரத்தில் மாலை வேளையில் பஜ்ஜிக் கடையைக் கடக்காமல் வீடு திரும்பும் மாணவர் அநேகமாக இருக்க மாட்டார். கடைக்காரர் பழைய நோட்டுத் தாளில் இரண்டு பஜ்ஜிகளை வைத்துக் கொடுக்கிறார். தின்று முடித்தபின் அந்தத் தாளைப் பாருங்கள். எண்ணெய் படாத இடம் வெள்ளையாகவே இருக்கிறது. எண்ணெய் ஊறிய இடமோ ஏறக்குறையக் கண்ணாடி போலாகி, பின்னால் வைத்த விரலைக் காட்டுகிறது. தாளுக்குள் எதுவும் கரைந்து போகவில்லை. பிறகு எப்படி இந்த மாற்றம்?

இந்தக் கேள்வியை வகுப்பில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆனால் இதற்கான விடை என் வீட்டிலேயே ஒருநாள் தேவைப்படும் என்று நான் எண்ணியதில்லை.

மூன்றாம் வகுப்புப் படித்த என் மகளின் மேல்வரிசை முன்பல்லில், ஈறை ஒட்டி, அரை அரிசி அளவில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. "பால் குடிக்கிறதில்லை, அதான்" என்றார் என் தாயார். நானும் ஏதோ கறை என்றே நினைத்தேன். வேறொரு காரியமாகப் பல் மருத்துவரிடம் சென்றபோது அதையும் காட்டினேன்.

மருத்துவர் பல்லைக் கழுவினார். பிறகு சிறு குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தி உலர்த்தினார். சில விநாடிகளில் அந்தப் புள்ளி பெரிதாகி, முன்னைவிட வெளுத்துத் தெரிந்தது. அதுமட்டுமன்று, பக்கத்துப் பல்லிலும் அதுவரை இல்லாத ஒரு புள்ளி முளைத்தது! வாயை மூடித் திறக்கச் சொன்னார். உமிழ்நீர் பட்டதும் இரண்டாவது புள்ளி மறைந்துவிட்டது.

"இது சொத்தையின் ஆரம்பம், சார்" என்றார்.

"ஓட்டை ஒன்றும் இல்லையே, டாக்டர்?"

"மேலே இல்லை. உள்ளே இருக்கிறது."

"ஊசியால் குத்திப் பார்க்க மாட்டீர்களா?"

"குத்தினால் ஓட்டை போட்டவன் நானாகிவிடுவேன்."

மேற்பரப்பு உடையாமல் உள்ளே எப்படி ஓட்டை விழும்? காற்றுப் பட்டதும் புள்ளி ஏன் பெரிதாயிற்று? இந்த இரண்டு கேள்விகளுடன் வீடு திரும்பினேன். இரண்டுக்கும் விடை ஒளியியலில்தான் இருந்தது.

தாளும் பல்லும்

முதலில் பஜ்ஜித் தாளைப் பார்ப்போம். தாள் என்பது நுண்ணிய இழைகளின் பின்னல். இழைகளுக்கு இடையே காற்று நிறைந்த இடுக்குகள் உள்ளன. இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றுக்கோ 1.0. ஒளி இழையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து இழைக்கும் மாறும்போதெல்லாம் வளைகிறது, தெறிக்கிறது, சிதறுகிறது. சிதறிய ஒளிதான் வெண்மையாகத் தெரிகிறது. எண்ணெய் ஊறும்போது காற்று வெளியேறி, அந்த இடுக்குகளில் 1.47 அளவு விலகல் எண் கொண்ட எண்ணெய் நிரம்புகிறது. இழைக்கும் எண்ணெய்க்கும் வேறுபாடு மிகக் குறைவாதலால் ஒளி சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. தாள் தெளிகிறது.

இப்போது பல்லுக்கு வருவோம். பல்லின் மேலுறையான எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62. அதற்குள் நுண்துளைகள் உண்டாகியிருந்தால், வாய் ஈரமாக இருக்கையில் அவற்றில் நீர் நிறைந்திருக்கும். நீரின் எண் 1.33, வேறுபாடு 0.29. காற்றால் உலர்த்தினால் துளைகளில் காற்று புகுகிறது; வேறுபாடு 0.62 ஆக உயர்கிறது. சிதறல் கூடுகிறது, புள்ளி வெளுக்கிறது. ஈரத்திலேயே தெரியும் புள்ளியைவிட, உலர்த்தினால் மட்டும் தெரியும் புள்ளி ஆழம் குறைந்தது என்று மருத்துவர்கள் கணக்கிடுவது இதனால்தான்.

ஆகவே மருத்துவர் செய்தது பஜ்ஜித் தாள் சோதனையின் மறுபக்கம். அவர் எண்ணெயை ஊற்றவில்லை, நீரை வெளியேற்றினார். அவ்வளவே.

வாய்க்குள் ஓர் உரத் தொழிற்சாலை

துளைகள் எங்கிருந்து வந்தன? எனாமலின் எடையில் 96 விழுக்காடு கனிமம். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட் என்னும் படிகங்கள் அதில் கோடிக்கணக்கில் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன.

அபடைட் என்பது புதிய பெயராகத் தோன்றலாம். ஆனால் எண்ணூரில் உரத் தொழிற்சாலை இருப்பது வடசென்னை மாணவர்களுக்குத் தெரியும். பாஸ்பேட் உரங்களுக்கு மூலப்பொருள் பாறைப் பாஸ்பேட். அந்தப் பாறையின் முக்கியக் கனிமமும் அபடைட் குடும்பத்தைச் சேர்ந்ததே. அது நீரில் எளிதில் கரையாது. கந்தக அமிலத்தைச் சேர்த்தால் சிதைந்து, பயிருக்குப் பயன்படும் பாஸ்பேட்டைத் தருகிறது.

வாயிலும் ஏறத்தாழ இதே வேதியியல்தான். பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் போன்றவற்றைக் கக்குகிறது. கந்தக அமிலத்தை நோக்க இது மென்மையான அமிலம். ஆனால் நாள்தோறும் வேலை செய்கிறது. கிருமிகள் உண்டாக்கும் அமிலமே சொத்தைக்குக் காரணம் என்பதை, பெர்லினில் ஆராய்ச்சி செய்த டபிள்யூ. டி. மில்லர் 1890-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். படலத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. மிட்டாய் வாயில் போட்ட சில நிமிடங்களில் இந்த அளவு சரிகிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகலாம்.

ஒரே தளத்தில் ஆடும் ஒளி

சரி, உள்ளே துளை இருப்பதை எப்படிக் கண்டார்கள்? இங்குதான் தளவிளைவு ஒளி வருகிறது.

கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து உதறுங்கள். மேலும் கீழுமாக உதறலாம், பக்கவாட்டிலும் உதறலாம். இடையில் செங்குத்துக் கம்பிகள் உள்ள சன்னல் இருந்தால் மேலும் கீழுமான அலை மட்டுமே அதைத் தாண்டும். சூரிய ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்துள்ளன. ஒரே தளத்து அதிர்வை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுத்தால் கிடைப்பது தளவிளைவுற்ற ஒளி. ஒளிக்கு இத்தகைய 'சன்னலை' கால்சைட் படிகத்திலிருந்து 1828-இல் செய்தவர் வில்லியம் நிக்கல். அதுவே நிக்கல் பட்டகம். இன்று மலிவான போலராய்டு தகடு அதே வேலையைச் செய்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி. வி. ராமன், 1921-இல் எஸ்.எஸ். நார்குண்டா என்ற கப்பலில் தாயகம் திரும்பியபோது இத்தகைய நிக்கல் பட்டகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெருமளவு தளவிளைவுற்றது. பட்டகத்தைத் தக்கவாறு திருப்பி அந்தப் பளபளப்பை அவர் அணைத்துவிட்டார். அதன் பின்னும் கடலின் நீலம் மறையவில்லை. கடலின் நீலம் வானத்தின் வெறும் பிரதிபலிப்பு அன்று; நீருக்குள்ளிருந்து வரும் ஒளி என்று தெளிந்தார்.

காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் கடற்கரையிலோ போலராய்டு குளிர்க்கண்ணாடி வழியே நீரைப் பார்த்தால் நீங்களும் இதைக் காணலாம். தலையை ஒருபக்கம் சாய்த்தால் பளபளப்பு திரும்பி வரும். மேற்பரப்பின் மினுக்கை நீக்கினால் உள்ளே இருப்பது தெரிகிறது. பல்லுக்கும் அப்படியொரு வழி தேவைப்பட்டது.

பாறைக்குப் பிறந்த நுண்ணோக்கி

தளவிளைவு நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டுகள் உண்டு. ஒன்று பொருளுக்குக் கீழே, மற்றொன்று மேலே. இரண்டையும் குறுக்காக வைத்தால் பார்வைப் புலம் இருண்டுவிடும். இடையில் கண்ணாடித் துண்டை வைத்தாலும் இருட்டு நீங்காது. ஆனால் பெரும்பாலான படிகங்களை வைத்தால் இருட்டில் விளக்கேற்றியது போல் அவை ஒளிரும். அப்படிகங்களில் ஒளி ஒரு திசை அதிர்வில் வேகமாகவும் மற்றொரு திசை அதிர்வில் மெதுவாகவும் செல்வதே காரணம். இதை இரட்டை ஒளிவிலகல் என்கிறோம்.

நிலவியலாளர்கள் பாறைகளை அடையாளம் காண நெடுங்காலமாக இக்கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பாறையை ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு தடிப்புக்குத் தேய்த்து அதில் பார்ப்பார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கருங்கல்லைத் தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்து 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டதும் இத்தகைய மெல்லிய துண்டுகளின் துணையோடுதான்.

பல்லும் படிக அடுக்குத்தானே? நகரின் வேறொரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பல் மருத்துவரிடம் கேட்டேன். துறைமுகத்தில் சுமை தூக்கும் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரிடம் சம்மதம் பெற்று, அவரிடமிருந்து பிடுங்கிய கடைவாய்ப் பல்லைக் கிருமி நீக்கித் தந்தார். அந்த இளைஞர் வலி பொறுக்க முடியாமல் போன பிறகே வந்திருக்கிறார். பல்லின் ஒரு பக்கத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குப் பள்ளம். மறுபக்கத்திலோ என் மகளின் பல்லில் கண்ட அதே வெண்புள்ளி!

நண்பர் வெண்புள்ளியின் குறுக்கே பல்லை அறுத்து, கார்போரண்டம் தூளில் பொறுமையாகத் தேய்த்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள வில்லையாக்கினார். நீர்த்துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். நிறத்தைப் பிரித்துக் காட்டும் ஜிப்சத் தகட்டையும் செருகினார். நல்ல எனாமல் ஒரு நிறத்தில் ஒளிர்ந்தது. வெண்புள்ளி இருந்த இடத்தில் முக்கோண வடிவில் மஞ்சளும் நீலமும் இடம் மாறியிருந்தன. அதன் மேலே, பல்லின் விளிம்பை ஒட்டி, ஒரு மெல்லிய கோடு மட்டும் நல்ல எனாமலின் நிறத்திலேயே இருந்தது.

வடம் இழுக்கும் போட்டி

நிறம் ஏன் மாற வேண்டும்? வடம் இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எனாமல் படிகங்கள் தம் இயல்பான இரட்டை விலகலால் ஒரு பக்கம் இழுக்கின்றன. இதை எதிர்க்குறி விலகல் என்பார்கள். படிகங்களுக்கு இடையில் அவற்றின் போக்கிலேயே அமைந்த நுண்துளைகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன; இது நேர்க்குறி. நல்ல பல்லில் துளைகள் கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆதலால் படிகங்கள் எளிதில் வெல்கின்றன. கரைந்து கரைந்து துளைகள் ஏறத்தாழ நூற்றில் ஐந்தை எட்டும்போது, நீரில் வைத்த வில்லையில் வெற்றி துளைகள் பக்கம் சாய்கிறது. குறி மாறுகிறது, நிறமும் மாறுகிறது. கண்ணுக்குப் புலப்படாத துளைகளை நிறம் காட்டிக்கொடுக்கிறது.

1950-களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஏ. ஐ. டார்லிங் என்பவரும், அவருக்குப் பின் எல். எம். சில்வர்ஸ்டோனும் இந்த முறையை மிக நுட்பமாக வளர்த்தனர். வில்லையை நீரில் மட்டும் பார்க்காமல், எனாமலின் அதே 1.62 விலகல் எண் கொண்ட குயினோலின் என்னும் திரவத்திலும் ஊறவைத்துப் பார்த்தனர். பஜ்ஜித் தாளில் எண்ணெய் செய்யும் வேலையை இங்கே குயினோலின் செய்கிறது. இவ்வாறு, ஆரம்பச் சொத்தையில் நான்கு அடுக்குகள் உண்டு என்பது தெளிவாயிற்று.

முதலாவது, மேற்பரப்பு அடுக்கு. சில பத்து மைக்ரான் தடிப்பே உள்ளது. துளைகள் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. உள்ளே அரித்துப் போனாலும் இது கூரை போல் நிற்கிறது.

இரண்டாவது, சொத்தையின் உடல். துளைகள் ஓரத்தில் நூற்றில் ஐந்தும், நடுவில் இருபத்தைந்து வரையிலும் இருக்கும்.

மூன்றாவது, இருண்ட அடுக்கு. துளைகள் நூற்றில் இரண்டு முதல் நான்கு. இவற்றுள் பல மிக நுண்ணியவை. குயினோலின் மூலக்கூறு அவற்றுள் நுழைய முடியாது. அங்கே காற்று தங்கிவிடுவதால் அப்பகுதி கறுத்துத் தெரிகிறது.

நான்காவது, தெளிந்த அடுக்கு. சொத்தை உள்நோக்கி முன்னேறும் முனை இதுதான். துளைகள் நூற்றில் ஒன்று; குயினோலின் இவற்றில் எளிதில் புகுந்து நிரப்பிவிடுவதால் தெளிவாகத் தெரிகிறது.

மருத்துவர் ஏன் ஊசியால் குத்த மறுத்தார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்த மெல்லிய கூரை உடைந்தால் கிருமிகள் உள்ளே குடியேறும். பிறகு திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

இருட்டு சொன்ன நல்ல செய்தி

நான்கு அடுக்குகளுள் விசித்திரமானது இருண்ட அடுக்கு. கரைதல் தொடர்ந்துகொண்டே போனால் துளைகள் பெரிதாகத்தானே வேண்டும்? முன்முனையில் குயினோலின் புகுமளவு இருந்த துளைகள், அதற்கு அடுத்த அடுக்கில் சிறுத்துப் போனது எப்படி?

சொத்தை பிடித்த பற்களின் வில்லைகளைக் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலிலும், உமிழ்நீரிலும் வைத்துப் பார்த்தார் சில்வர்ஸ்டோன். இருண்ட அடுக்கு அகன்றது! பெரிய துளைகளின் சுவரில் கனிமம் மீண்டும் படிந்து அவற்றைச் சிறியவையாக்கியிருந்தது. அதாவது, இருண்ட அடுக்கில் பழுதுபார்ப்பும் நடக்கிறது. மெதுவாக வளரும் சொத்தையில் இந்த அடுக்கு அகலமாகவும், வேகமாக வளரும் சொத்தையில் குறுகலாகவும் இருப்பது இதற்குப் பொருந்துகிறது.

சொத்தை ஒருவழிப் பாதை அன்று; அது தராசு. ஒரு தட்டில் அமிலம், மறுதட்டில் உமிழ்நீரும் ஃபுளூரைடும். இதை வாயிலேயே கண்டறிந்தவர் நெதர்லாந்தின் பாக்கர் டிர்க்ஸ். எட்டு வயதுக் குழந்தைகளின் கடைவாய்ப் பற்களில் இருந்த 72 வெண்புள்ளிகளை அவர்களின் பதினைந்தாம் வயதில் மீண்டும் பார்த்தார். 37 இடங்களில் பல் நலமாகத் தோன்றியது. 26 புள்ளிகள் அப்படியே நின்றன. 9 மட்டுமே ஓட்டையாயின. இம்முடிவு 1966-இல் வெளியாயிற்று.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பல்லில் தெரியும் எல்லா வெள்ளையும் சொத்தை அன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பலருக்குப் பற்களில் திட்டுகளும் எலும்பு நோயும் இருப்பதை, கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் வெளியிட்டனர். காரணம் குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளூரைடு. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் இத்துன்பத்தை அறிந்தவை. பற்பசையில் சிறிதளவு நன்மை செய்யும் அதே பொருள், பல் வளரும் வயதில் குடிநீர் வழியே அளவு மீறி உடலில் சேர்ந்தால் எனாமலைக் கெடுக்கிறது. எது எந்த வெள்ளை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

தளவிளைவு நுண்ணோக்கியை உயிருள்ள பல்லில் வைத்துப் பார்க்க முடியாது. பல்லை அறுத்தாக வேண்டும். ஆயினும் அறுத்த பற்கள் கற்றுத்தந்த பாடம் அறுக்காத பற்களைக் காக்கிறது.

மிட்டாயே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆறு தேன்மிட்டாய்களை மணிக்கு ஒன்றாக நாள் முழுவதும் தின்றால் தராசின் அமிலத் தட்டு ஆறு முறை தாழ்கிறது. அவற்றைச் சாப்பாட்டுடன் ஒரே வேளையில் முடித்துவிட்டால் ஒருமுறைதான். காலையிலும் இரவிலும் ஃபுளூரைடு பசையால் துலக்குங்கள். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். குடம் குடமாக நீர்விட்டுக் கொப்பளித்தால் ஃபுளூரைடும் போய்விடும்.

என் மகளுக்கும் மருத்துவர் சொன்னது இவ்வளவே. கூடவே புள்ளிகளின் மேல் ஃபுளூரைடு பூச்சு பூசினார். பதினான்கு மாதங்கள் கழித்து மீண்டும் காற்றால் உலர்த்திப் பார்த்தார். இரண்டாவது புள்ளியைக் காணவில்லை. முதல் புள்ளி முற்றிலும் மறையவில்லை. ஆனால் சுண்ணாம்புத் தன்மை நீங்கிப் பளபளப்பு வந்திருந்தது. "தழும்பு இருக்கட்டும், சார். புண் ஆறிவிட்டது" என்றார்.

துறைமுக இளைஞரின் பல் வில்லை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துப் பள்ளமும் ஒரு காலத்தில் இப்படியொரு வெண்புள்ளியாகத்தான் இருந்திருக்கும். அன்று அதை உலர்த்திப் பார்க்க யாரும் இல்லை.

செய்து பாருங்கள்

தேவையானவை: மடிக்கணினியின் வெள்ளைத் திரை, போலராய்டு குளிர்க்கண்ணாடி அல்லது ஆய்வுக்கூடத்துப் போலராய்டு தகடு, தெளிவான பிளாஸ்டிக் அளவுகோல். எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது. தகட்டைக் கண்ணெதிரே பிடித்து, திரை இருளும்வரை மெதுவாகத் திருப்புங்கள். இப்போது அளவுகோலை இடையில் நீட்டுங்கள். இருண்ட திரையின் முன் வண்ணப் பட்டைகள் தோன்றும். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பிளாஸ்டிக்குக்குள் அடங்கியிருந்த இறுக்கத்தின் வரைபடம் அது.

அதன் பின் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, உதட்டைத் தூக்கி, பல்லைச் சுத்தமான துணியால் துடைத்து உலரவிட்டு, ஈறோரம் கவனமாகப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஊசியால் குத்தவும் வேண்டாம். வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். கூரை உடையாதவரை காலம் கடந்துவிடவில்லை.